கார் டிக்கிச் சந்தையில் பழைய படம் பொறுக்குவது எப்படி

நம்மூரில் காரின் பின்பக்கப் பெட்டியை டிக்கி என்கிறோம். இங்கிலாந்தில் அதற்குப் பெயர் பூட். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஒரு வயல்வெளியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ நூறு இருநூறு கார்கள் வரிசையாக வந்து நிற்கும். டிக்கியைத் திறந்து, மடக்கு மேசை ஒன்றைப் போட்டு, வீட்டில் வேண்டாத சாமான்களைப் பரப்புவார்கள். அதுதான் கார் பூட் சேல். 1970களில் ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் கனடாவில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, தர்ம காரியத்துக்குப் பணம் திரட்ட இங்கே தொடங்கிவைத்தார் என்று சொல்வார்கள்.

லண்டனுக்கு வந்த புதிதில் நான் அங்கே குக்கரும் குழந்தைக்குச் சைக்கிளும் வாங்கத்தான் போனேன். ஒரு நாள் ஒரு மேசைக்கடியில் செருப்புப் பெட்டி நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடந்தன. மூன்று பவுண்டு என்றார்கள். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இது.

முதலில் ஒரு கதையைச் சொல்லி மறந்துவிடுவோம். 1980களில் ஒரு பெண் கார் பூட்டில் 10 பவுண்டுக்கு ஒரு மோதிரம் வாங்கினார். கல் கண்ணாடி என்று நினைத்துப் பல வருடம் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். அது 26 காரட் வைரம். 2017 ஜூனில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் 6,56,750 பவுண்டுக்குப் போனது. கார் பூட் என்று பேச்செடுத்தாலே யாராவது இதைச் சொல்வார்கள். அதை நம்பி அலாரம் வைத்து எழுந்தால் இரண்டே வாரத்தில் அலுத்துவிடும். வைரத்துக்காகப் போகாதீர்கள், படத்துக்காகப் போங்கள்.

எங்கே, எப்போது

வயல்களில் நடப்பவை ஈஸ்டரை ஒட்டித் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடிந்துவிடும். அதற்கு மேல் கார் சேற்றில் புதையும். தார்த் தரையிலும் கான்கிரீட்டிலும் நடப்பவை குளிர்காலத்திலும் உண்டு. ஒரு வயலில் போன வாரம் நடந்தது, அதனால் இந்த வாரமும் நடக்கும் என்று கிளம்பாதீர்கள். உள்ளாட்சியிடம் தனியாகத் திட்ட அனுமதி வாங்காத நிலத்தில் வருடத்துக்கு 14 நாள்தான் சந்தை நடத்தலாம் என்பது இங்கிலாந்துச் சட்டம். அதனால் பல இடங்களில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான். நாளைக்கு நடக்கிறதா என்று சனிக்கிழமை இரவு ஒரு தடவை பார்த்துக்கொண்டு படுப்பது நல்லது.

லண்டனில் இருப்பவர்களுக்கு மூன்று இடம் சொல்கிறேன். மேற்கே சிஸிக் பள்ளி மைதானத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு. நல்ல குடும்பச் சாமான்கள் வரும். காலையில் எழவே முடியாதவர்களுக்குப் பேட்டர்சீ. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல்தான் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். மூன்றாவது கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தய மைதானம், மாதத்தின் இரண்டாவது செவ்வாயும் கடைசிச் செவ்வாயும். அது கார் பூட் இல்லை, பழம்பொருள் வியாபாரிகளின் சந்தை. வாங்க வேண்டாம், ஒரு தடவை போய் வியாபாரி விலை என்ன என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கப்புறம் கார் பூட்டில் எது மலிவு என்பது தானாகத் தெரியும்.

பல இடங்களில் நுழைவுக்கு இரண்டு விலை இருக்கும். இருட்டோடு இருட்டாக உள்ளே போக நாலைந்து பவுண்டு, விடிந்தபின் போனால் ஒரு பவுண்டு அல்லது இலவசம். அதிகாலையில் டார்ச்சோடு ஓடுகிறவர்கள் வியாபாரிகள். வெள்ளி, கைக்கடிகாரம், பழைய பொம்மைக் கார், லெகோ இவற்றைத்தான் தேடுகிறார்கள். யாரோ பெயர் தெரியாத பாட்டியின் படத்தை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதனால் படம் தேடுகிறவர் ஏழரை மணிக்குப் போனால் போதும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

சில்லறை. ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நாணயங்களும் ஐந்து பவுண்டு நோட்டுகளும். காலை ஏழு மணிக்கு இருபது பவுண்டு நோட்டை நீட்டினால் விற்கிறவர் முகம் சுருங்கும். மீதி வாங்கும்போது காகித நோட்டு தந்தால் வாங்காதீர்கள். 2022 செப்டம்பர் 30க்கு அப்புறம் இங்கிலாந்து வங்கியின் காகித நோட்டு எதுவும் கடையில் செல்லாது. பழைய வட்ட ஒரு பவுண்டு நாணயமும் 2017 அக்டோபரோடு போய்விட்டது.

அப்புறம் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று, சாவிக்கொத்து அளவில் கிடைக்கும் புற ஊதா டார்ச் ஒன்று. எல்லாம் சேர்த்து இருபது பவுண்டுக்குள் முடியும். எதற்கு என்று கீழே சொல்கிறேன். படம் மடங்காமல் கொண்டுவர ஒரு கெட்டி அட்டைக் கோப்பு. ஒரு பென்சில், சின்ன நோட்டு. மே மாதம் வரை ரப்பர் பூட்ஸ், ஏனென்றால் பனி ஈரத்தில் புல்வெளி நனைந்து கிடக்கும்.

முதல் சுற்று

உள்ளே போனதும் முதல் மேசையிலேயே நின்றுவிடாதீர்கள். வேகமாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சாமானைப் பார்ப்பதற்கு முன் விற்கிறவர் யார் என்று பாருங்கள். தள்ளுவண்டியும் குழந்தை உடுப்பும் இருந்தால் இளம் தம்பதி. அவர்களிடம் பழைய படம் இருக்காது. எல்லாம் வரிசையாகத் துடைத்து, விலைச்சீட்டு ஒட்டி இருந்தால் வியாபாரி. இருக்கும், ஆனால் விலை தெரிந்து வைத்திருப்பார். நீங்கள் தேட வேண்டியது இரண்டு பேரை. ஒருவர், இறந்தவர்களின் வீட்டை மொத்தமாகக் காலி செய்து கொடுக்கும் வேன்காரர். அவர் மேசையில் கரண்டி, மூக்குக் கண்ணாடி, ஜெபப் புத்தகம், தையல் பெட்டி எல்லாம் ஒன்றாகக் குவிந்திருக்கும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. இன்னொருவர், பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிற வயதான தம்பதி. அவர்களுக்குப் படத்தில் இருப்பவர்களைத் தெரியும்.

மேசைமேல் தேடுவதைவிட மேசைக்கடியில் தேடுங்கள். பிஸ்கட் டப்பா, சாக்லேட் பெட்டி, சுருட்டுப் பெட்டி இவற்றைத் திறந்து பாருங்கள். சட்டமிட்ட மட்டமான ஓவியத்துக்குப் பின்னால் அட்டைக்குப் பதிலாகப் பழைய படத்தைச் செருகி வைத்திருப்பார்கள். பழைய பைபிளுக்குள்ளும் சமையல் குறிப்பு நோட்டுக்குள்ளும் படங்கள் இருக்கும். பழைய பெட்டிக் கேமரா கிடைத்தால் உள்ளே படச்சுருள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் திறக்க வேண்டாம், அப்படியே வாங்குங்கள். அதைக் கழுவித் தரும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மரியாதை ஒன்று உண்டு. கையில் எடுத்தவருக்குத்தான் முதல் உரிமை. யோசிக்கிறேன் என்று கீழே வைத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார், சண்டை போட முடியாது. ஒருவர் ஒரு பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தால் அவர் முடிக்கும்வரை நில்லுங்கள். விற்கிறவர் இன்னும் சாமானை இறக்கிக்கொண்டிருக்கும்போதே டிக்கிக்குள் கைவிடுகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு ஆளாக ஆகிவிடாதீர்கள்.

பேரம், அப்புறம் ஒரு கேள்வி

மூர் மார்க்கெட்டில் பழகியவர்கள் கேட்ட விலையில் கால்வாசியிலிருந்து தொடங்குவார்கள். சாமானைக் குறை சொல்லி விலையை இறக்குவது நம் வழக்கம். இங்கே அது எடுபடாது. எதிரே நிற்பவர் வியாபாரி இல்லை, அது அவருடைய அம்மாவின் கோப்பையாக இருக்கலாம். சிரித்துக்கொண்டே ‘வாட்ஸ் யுவர் பெஸ்ட் பிரைஸ்?’ என்றால் போதும். இருபது முப்பது சதவீதம் இறங்குவார்கள். ஒரு பவுண்டுச் சாமானுக்குப் பேரம் பேசாதீர்கள், அசிங்கம். தனித்தனியாகக் கேட்பதைவிட ஐந்தாறைச் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு மொத்தமாக ஒரு விலை கேட்பதே நல்ல வழி. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த என் மாமனார் மட்டும் இந்த விதி எதற்கும் அடங்கவில்லை. எட்டு பவுண்டு சொன்ன பித்தளை விளக்குக்கு, “நாலுக்குக் கொடும்மா, எல்லாம் கட்டுப்படியாகும்” என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மாள் என்ன புரிந்துகொண்டாரோ, ஐந்துக்குக் கொடுத்துவிட்டார்.

விலை பேசிப் பணம் கொடுத்தபின் ஒரு கேள்வி கேளுங்கள். இது யார் வீட்டுப் பெட்டி? எந்த ஊர்? முன்னாலேயே கேட்டால் உங்கள் ஆர்வத்தைப் பார்த்து விலை ஏறும். பின்னால் கேட்டால் கதைதான் வரும். “என் கணவரின் அத்தை, வொர்த்திங்கில் தனியாக இருந்தார்” என்பார்கள். அதை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தைப் பொறுத்தவரை அந்த ஒரு வரிதான் பொக்கிஷம். படம் நூறு வருடம் கெடாமல் இருக்கும், பெயர் அந்த மேசையைத் தாண்டி வராது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இரண்டாவது வருடம் ஒரு குடும்ப ஆல்பம் வந்தது. முப்பது பவுண்டு கேட்டார்கள். அதிகம் என்று தோன்றி, பிடித்த ஆறு படத்தை மட்டும் உருவித் தருவீர்களா என்றேன். தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் படங்களின் பின்னால் ஒன்றுமில்லை. பெயர், ஊர், வருடம் எல்லாம் ஆல்பத்தின் தாளில், படத்துக்குக் கீழே வெள்ளைப் பென்சிலில் எழுதியிருந்தது. உருவும்போது அதைக் கண்ணால் பார்த்தும்தான் இருந்தேன். அடுத்த வாரம் அந்த ஆள் வரவில்லை. அந்த ஆறு பேரும் இன்றுவரை என்னிடம் அநாதைகளாக இருக்கிறார்கள். ஆல்பம் கிடைத்தால் முழுசாக வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குறைந்தபட்சம் பக்கத்தைப் போனில் படம் பிடித்துவிட்டாவது உருவுங்கள்.

இது எந்தக் காலத்துப் படம்?

முதலில் எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி போலப் பளபளத்து, சாய்க்கும்போது ஒரு கோணத்தில் நெகட்டிவாகவும் இன்னொரு கோணத்தில் பாசிட்டிவாகவும் தெரிந்தால் அது டகேரோடைப். வெள்ளி பூசிய செப்புத் தகடு. 1839இல் அறிவிக்கப்பட்ட முறை, 1840களிலும் 50களிலும் செழித்தது. கார் பூட்டில் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் எக்காரணம் கொண்டும் துடைக்காதீர்கள். துணி பட்டாலே படம் போய்விடும். கண்ணாடித் தகட்டில் இருந்து, பின்னால் கறுப்புப் பூச்சோ துணியோ வைத்திருந்தால் ஆம்ப்ரோடைப். 1850களின் நடுவிலிருந்து 60கள் வரை. மெல்லிய இரும்புத் தகடு என்றால் டின்டைப். பெயரில்தான் தகரம், உண்மையில் இரும்பு, காந்தம் ஒட்டும். கொண்டுவரச் சொன்ன காந்தம் இதற்குத்தான். இங்கிலாந்தில் கடற்கரைப் படக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் டின்டைப் எடுத்துக் கொடுத்தார்கள், அதனால் காந்தம் ஒட்டியதும் விக்டோரியா காலம் என்று குதிக்க வேண்டாம். இந்த மூன்றிலும் பெரும்பாலும் இடம் வலம் மாறியிருக்கும். சட்டைப் பொத்தானும் கல்யாண மோதிரமும் தவறான பக்கத்தில் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அதிகம் கிடைப்பது அட்டையில் ஒட்டிய படங்கள்தான். உள்ளங்கையில் அடங்கும் அளவில், ஏறக்குறைய 6.5க்கு 10 சென்டிமீட்டர் இருந்தால் கார்ட் டி விசிட். பாரிஸில் டிஸ்டேரி என்பவர் 1854இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. 1860இல் மேயால் என்ற படக்காரர் விக்டோரியா அரசி குடும்பத்தின் படங்களை இந்த வடிவில் வெளியிட, நாடே பைத்தியம் பிடித்து வாங்கியது. இன்றைக்கு நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அந்த அலையில் வந்தவை. அதைவிடப் பெரிதாக, 11க்கு 16.5 சென்டிமீட்டர் அளவில் இருப்பது கேபினட் கார்டு. 1866இல் வந்தது, முதல் உலகப்போர் வாக்கில் ஓய்ந்தது.

அட்டையை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லியதாக, மூலைகள் கூராக இருந்தால் பெரும்பாலும் 1860கள். மூலையை வட்டமாக வெட்டியிருந்தால் 1870களிலிருந்து. தடித்த அட்டை, ஓரம் சாய்வாகச் சீவித் தங்கப் பூச்சு என்றால் 1880களுக்கு மேல். பின்புறத்தில் கொடியும் தேவதையும் மெடலுமாக ஒரே அலங்காரம் என்றால் 1880கள், 90கள். ஸ்டூடியோ பெயரும் தெருவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அக்கால ஊர்விவரப் புத்தகங்களில் அந்தப் படக்காரர் எந்த வருடம் எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார் என்று இருக்கும். பலவற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

உடுப்பும் சொல்லும். கூடாரம் போல விரிந்த பாவாடை 1860கள். பின்பக்கம் மட்டும் தூக்கிக் கட்டியது 1870களும் 80களும். தோளில் பலூன் போல உப்பிய கை 1890களின் நடுப்பகுதி. ஆனால் பாட்டியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எந்த நாட்டிலும் பாட்டிகள் இருபது வருடத்துக்கு முந்தைய உடுப்பில்தான் இருப்பார்கள். கூட்டத்திலேயே இளையவளாக, ஒப்பனையில் அக்கறை உள்ளவளாக இருப்பவளைப் பாருங்கள்.

அடுத்தது தபால் அட்டை. அதற்குப் பின்பக்கம் ஒரு கடிகாரம். பிரிட்டனில் 1902 ஜனவரியில்தான் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டு, ஒரு பாதியில் சேதி, மறு பாதியில் முகவரி எழுத அனுமதித்தார்கள். கோடே இல்லாமல் முகவரிக்கு மட்டும் இடம் இருந்தால் அதற்கு முந்தைய வடிவம். முத்திரை ஒட்டும் கட்டத்தில் உள்நாட்டுக்கு ½ பென்னி என்று அச்சிட்டிருந்தால் 1918 ஜூனுக்கு முன் அடித்தது, ஏனென்றால் அந்த மாதம் கட்டணம் ஒரு பென்னியாகியது. முத்திரையில் தாடியோடு வழுக்கைத்தலை மன்னர் எட்வர்டா, அவர் மகன் ஜார்ஜா என்று பார்த்தாலே 1910க்கு முன்னா பின்னா என்று ஒரு ஊகம் கிடைக்கும்.

இப்போது உருப்பெருக்கியை எடுங்கள். தபால் அட்டையில் முகம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. புள்ளியே இல்லாமல் சாயல் வழுக்கிக்கொண்டு போனால் நிஜப் புகைப்படம், வியாபாரிகள் ஆர்.பி. என்பார்கள். பல ஆர்.பி. கார்டுகள் ஒரு குடும்பத்துக்காகச் சில பிரதிகள் மட்டுமே போட்டவை. கடை வாசலில் நிற்கும் முதலாளி, பள்ளி வகுப்பு, ஊர் வெள்ளம், கவிழ்ந்த குதிரை வண்டி இப்படி. ஒரு தேவாலயத்தின் அச்சுக் கார்டைவிட ஒரு மளிகைக் கடை வாசலின் ஆர்.பி. பல மடங்கு பெறும். கடற்கரை ஊர்களில் நடந்து போகிறவர்களை வழியிலேயே எடுத்து மாலையில் விற்ற படங்களும் ஏராளம் கிடைக்கும். ஐம்பது பென்ஸுக்குத் தருவார்கள். எனக்கு அவைதான் உயிர், ஏனென்றால் அதில் யாரும் போஸ் கொடுப்பதில்லை.

பழசுதானா என்று சந்தேகம் வந்தால் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். 1950களிலிருந்து காகிதத்தில் சேர்த்த வெண்மையூட்டும் வேதிப்பொருள் பளீர் என்று நீலமாக ஒளிரும். 1890 என்று சொல்லி விற்கும் படம் டிஸ்கோ விளக்கில் வெள்ளைச் சட்டை போல மின்னினால் கீழே வைத்துவிடுங்கள்.

சிப்பாய் படங்கள் தனிக் கலை. தொப்பியில் இருக்கும் பித்தளைச் சின்னம் எந்தப் படைப்பிரிவு என்று சொல்லும். இடது கையின் கீழ்ப்பகுதியில் செங்குத்தாக ஒரு கோடு இருந்தால் அது காயப்பட்ட அடையாளம், 1916இல் வந்தது. ஆக, அந்தக் கோடு உள்ள படம் அதற்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது.

நம்மூர்ப் படங்கள் இங்கே எப்படி

வருகின்றன. தேயிலைத் தோட்டத் துரைகள், கலெக்டர்கள், மிஷனரிகள், சிப்பாய்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது ஆல்பத்தையும் கொண்டுவந்தார்கள். பேரன் பேத்திகள் காலத்தில் அது டிக்கிக்கு வருகிறது. வெளிநாடு என்று எழுதிய பெட்டியில் தேடுங்கள். விற்கிறவருக்குச் சிலோன் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆப்பிரிக்காவோடு சேர்த்து வைத்திருப்பார். டாஞ்சூர், ட்ரிச்சினோபொலி, டூட்டிகோரின், ஊட்டகமண்ட் என்ற பழைய எழுத்துகளுக்குக் கண்ணைப் பழக்குங்கள். மெட்ராஸ் கார்டுகளில் வீலே அண்ட் க்ளைன், ஹிக்கின்பாதம்ஸ் என்று வெளியிட்டவர்கள் பெயர்களும், மெட்ராஸ், ஊட்டிப் படங்களில் நிக்கோலஸ் என்ற படக்காரர் பெயரும், கொழும்புக் கார்டுகளில் 1890இல் தொடங்கிய ப்ளாட்டே கம்பெனி பெயரும் வரும். இலங்கையின் பழைய பெரிய படங்களில் ஸ்கீன், ஸ்கோவன் என்று படக்காரர் பெயர் ஓரத்தில் எழுதியிருந்தால் பணத்தை எண்ணத் தொடங்குங்கள். இன்னொன்று பிரைட்டன் அரண்மனை. 1914 டிசம்பரிலிருந்து 1916 தொடக்கம் வரை அது காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனையாக இருந்தது. சரவிளக்குக்குக் கீழே கட்டில் கட்டிலாகத் தலைப்பாகைகள் தெரியும் அந்தக் கார்டுகள் தென் கடற்கரை ஊர்களில் இன்றும் அகப்படும்.

இந்தக் கார்டுகளில் ஒன்றைக் கவனிப்பீர்கள். வெள்ளைக்காரக் குடும்பப் படத்தின் பின்னால் நாய்க்குக்கூடப் பெயர் எழுதியிருக்கும். நம் ஆட்களின் படத்துக்கு ‘டமில் கூலி’, ‘டீ ப்ளக்கர்’ என்று அச்சிட்ட தலைப்புதான். அதனால் ஆல்பத்தில் ஆயாவுக்கோ சமையல்காரருக்கோ ஒரு பெயர் எழுதியிருந்தால், எவ்வளவு மங்கிய படமாக இருந்தாலும் நான் வாங்கிவிடுவேன்.

மற்ற சாமான்கள், சுருக்கமாக

வெள்ளி என்றால் முத்திரையைப் பாருங்கள். நடக்கிற சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி. கூடவே எந்த ஊரில் சோதித்தது என்று சொல்லும் முத்திரை இருக்கும்: லண்டனுக்குச் சிறுத்தை முகம், பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், அதற்கப்புறம் ரோஜா. இ.பி.என்.எஸ். என்று நான்கு எழுத்து இருந்தால் வெறும் முலாம். நான் முதலில் வாங்கிய ‘வெள்ளி’ டீ கெண்டியில் அந்த நான்கு எழுத்து கட்டம் கட்டி முத்திரை மாதிரியே இருந்தது. பதினைந்து பவுண்டு. இன்றைக்கு அதில் துளசி வளர்கிறது.

பீங்கானில் ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் இருந்தால் அநேகமாக 1891க்குப் பின். அமெரிக்கச் சுங்கச் சட்டம் அந்த வருடத்திலிருந்து இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் கேட்டது. விளிம்பை நகத்தால் சுண்டிப் பாருங்கள், கீறல் விட்டிருந்தால் மணி அடிக்காமல் மொத்தையாகச் சத்தம் வரும்.

தொடாதவை: ஹெல்மெட், குழந்தைகளின் கார் இருக்கை, இரண்டும் ஏற்கெனவே விபத்தில் அடிபட்டதா என்று கண்ணால் தெரியாது. பிளக்கில் செருகிப் பார்க்க முடியாத மின்சாதனம். பிராண்டு பெயர் போட்ட புத்தம்புதுச் சரக்கு, பெட்டி பெட்டியாக. அப்புறம் தந்தம். 2022 ஜூன் 6 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, சில விலக்குகள் தவிர, பிரிட்டனில் தந்தப் பொருள் வாங்குவதும் விற்பதும் குற்றம். பாட்டி காலத்துக் கத்திப்பிடி என்றாலும் ஒதுங்கிவிடுங்கள்.

படங்களிலும் ஒரு அபாயம் உண்டு. 1950க்கு முந்தைய படச்சுருள் நெகட்டிவ் சில நைட்ரேட் வகை, சட்டென்று தீப்பிடிக்கும். ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று இருந்தால் பயமில்லை. அப்படி எதுவும் இல்லாமல், பழுப்பேறி, பிசுபிசுத்து, காட்டமாக நெடி அடித்தால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். வினிகர் வாசனை மட்டும் அடித்தால் அது வேறு வகை. அப்படிச் சட்டென்று தீப்பிடிக்காது, ஆனால் அழுகிக்கொண்டிருக்கிறது. வாங்கினால் அன்றைக்கே ஸ்கேன் செய்துவிடுங்கள். ஸ்லைடு பெட்டி கிடைத்தால் சட்டத்தில் கோடக்ரோம் என்று படச்சுருளின் பெயர் இருக்கிறதா பாருங்கள். மற்றவை சிவந்து மங்கியிருக்கும்போது, இருட்டில் கிடந்த கோடக்ரோம் நேற்று எடுத்தது போல நிறம் காட்டும்.

வீட்டுக்கு வந்தபின்

கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மென்தூரிகையால் தூசி தட்டலாம், ஈரத்துணி கூடாது. 1970களில் வந்த, பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே பசை தடவிய ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு ரம்பம் போல மெல்ல அறுத்தால் வந்துவிடும். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். படத்துக்கு 600 டிபிஐ, நெகட்டிவுக்கு 2400 அல்லது அதற்கு மேல். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வைப்பதற்கு அமிலம் இல்லாத காகித உறை, அல்லது பாலியெஸ்டர் உறை. புதுச் செருப்பு மாதிரி வாசனை வரும் பிவிசி உறை வேண்டாம். பரணிலும் கார் கொட்டகையிலும் வைக்காதீர்கள், வெயிலும் ஈரமும் மாறி மாறி அடிக்கும். படுக்கையறை அலமாரியே நல்ல இடம்.

படத்தை வாங்கிவிட்டதால் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. பிரிட்டனில் பொதுவாக எடுத்தவர் இறந்து 70 வருடம் வரை அது நீடிக்கும். 1870இன் கார்ட் டி விசிட்டைப் பற்றிக் கவலையில்லை, 1965இன் கல்யாணப் படத்தைப் புத்தகத்தில் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

கடைசியாக, நோட்டில் எழுதியதைப் படத்தின் பின்புறத்துக்கு மாற்றுங்கள். எங்கே வாங்கியது, எந்தத் தேதி, விற்றவர் என்ன சொன்னார். மென்மையான பென்சிலால், படத்தைக் கெட்டியான கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, ஓரமாக, அழுத்தாமல். பேனா வேண்டவே வேண்டாம், மை மறுபக்கம் ஊறும்.

சென்ற வருடம் ஒரு கிரிக்கெட் குழுப் படம் கிடைத்தது. பின்னால் ஒரே ஒரு குடும்பப் பெயரும் கிராமத்தின் பெயரும் இருந்தன. விற்ற வேன்காரர், இடமிருந்து இரண்டாவது ஆள்தான் அந்த வீட்டுக்காரர் என்றார். எழுதிக்கொண்டேன். வம்சாவளி தேடும் தளம் ஒன்றில் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்து, பெரிய புண்ணியம் செய்கிற நினைப்பில் ஸ்கேனை அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து ஒரு பெண்மணி பதில் எழுதினார். மிக்க நன்றி, வீட்டைக் காலி செய்தபோது அந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பியதே நாங்கள்தான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இடமிருந்து இரண்டாவது ஆள் என் மாமனார் இல்லை, அவருடைய தம்பி என்றார். பென்சிலால் எழுதியிருந்தேன். அழித்துத் திருத்தினேன்.